ரவாங்கைத் தாண்டி வீடு பார்க்கிறவர்களுக்கு

பேராக்கிலிருந்தும் கெடாவிலிருந்தும் கோலாலம்பூருக்கு வேலை தேடி வருகிற நம் குடும்பங்கள் இப்போது ரவாங்கைத் தாண்டி வடக்கே வீடு பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. செரண்டா, பத்தாங்காலி, ராசா, புக்கிட் செந்தோசா, புக்கிட் பெருந்தோங். சுற்றிலும் தோட்டங்களாக இருந்த வட்டாரம் இது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையை அழித்துத் தாமான்கள் கட்டினார்கள். நான் பத்தாங்காலியில் குடியிருக்கிறேன். கோயிலிலும் பள்ளிக்கூட வாசலிலும் புதிதாக வந்தவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, “அண்ணே, இங்கே வாடகை எவ்வளவு?” என்பதுதான்.

வாடகையைச் சொல்லிவிடலாம். அது உங்களுக்கு மலிவா என்பதை நீங்கள்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டு வாடகையில் மிச்சம் பிடித்ததைப் பெட்ரோலிலும் டோலிலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவரிடமும் கொடுத்துவிட்டு, ஒரே வருடத்தில் மறுபடியும் சாமான் கட்டிய குடும்பங்களை இங்கே பார்த்திருக்கிறேன். அந்த அலைச்சல் இன்னொரு குடும்பத்துக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வேலை எங்கே, எத்தனை மணிக்கு?

ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு தாளில் வீட்டில் வேலைக்குப் போகிற ஒவ்வொருவரின் வேலை இடத்தையும், வேலை தொடங்கும் நேரத்தையும், முடியும் நேரத்தையும் எழுதுங்கள். முடியும் நேரம்தான் முக்கியம். காலையில் எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடலாம். இரவு பத்து மணிக்கு ஷிப்ட் முடிகிறவருக்கு வீடு திரும்ப ரயில் இருக்கிறதா என்பதில்தான் பலருடைய திட்டம் உடைகிறது.

வேலை கோலாலம்பூரில்தான் என்று முடிவுகட்டியும் வராதீர்கள். பெரோடுவா கார்த் தொழிற்சாலை ரவாங்குக்கும் செரண்டாவுக்கும் இடையே சுங்கை சோவில் இருக்கிறது. புரோட்டோன் தொழிற்சாலை தஞ்சோங் மாலிமில். அவற்றுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் சிறிய தொழிற்சாலைகளும் கிடங்குகளும் இந்த வழியில் உண்டு. கணவன் மனைவி இருவரில் ஒருவருக்காவது இந்தப் பக்கம் வேலை கிடைத்தால்தான் வடக்கே குடிவருவது நிச்சயமாக லாபம். இருவரும் நகரின் மையத்துக்கு வெவ்வேறு நேரத்தில் போக வேண்டும் என்றால் நகரை ஒட்டிய கெப்போங்கையோ செலாயாங்கையோ முதலில் பார்க்கச் சொல்வேன் நான், வாடகை கூடுதலாக இருந்தாலும்.

வாடகையை மட்டும் பார்க்காமல் மாதச் செலவைக் கணக்கிடுங்கள்

ஓர் உதாரணக் கணக்கு. கெப்போங்கில் வாடகை 1,400 வெள்ளி, பத்தாங்காலியில் அதே அளவு வீடு 750 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 650 வெள்ளி மிச்சம் போலத் தோன்றும். பத்தாங்காலியிலிருந்து நகர மையம் சுமார் 50 கிலோமீட்டர். போகவர 100. மாதத்தில் 22 வேலை நாட்களுக்கு 2,200 கிலோமீட்டர். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஏறக்குறைய 157 லிட்டர் பெட்ரோல். சலுகை விலையான 1.99 வெள்ளிக்கே போட்டாலும் 313 வெள்ளி. டோலுக்கு நாளொன்றுக்கு 10 வெள்ளி வைத்தால் 220. இரண்டும் சேர்ந்து 533. மிஞ்சுவது 117 வெள்ளி. அதற்குள் கார் நிறுத்தும் கட்டணமும், அடிக்கடி மாற்ற வேண்டிய எண்ணெயும் டயரும் அடங்க வேண்டும். அடங்காது.

மோட்டார் சைக்கிளில் போனால் பிளஸ் நெடுஞ்சாலையில் டோல் இல்லை, பெட்ரோலும் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். கணக்கு அழகாக வரும். ஆனால் மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்களே. அதிகாலை இருட்டிலும் மாலை மழையிலும் லோரிகளுக்கு நடுவே தினமும் 100 கிலோமீட்டர் ஓட்டுவதை நிரந்தர ஏற்பாடாக எந்தக் குடும்பமும் வைத்துக்கொள்ளக் கூடாது. ரயில் நிலையம் வரைக்கும் மோட்டார், அதற்கப்பால் ரயில் என்றால் சரி.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளக்காரருக்கு 500 வெள்ளிப் பயணச் செலவு என்பது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. வாடகையும் பயணமும் சேர்ந்து வீட்டுக்கு வரும் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தொட்டால் அந்த ஊர் உங்களுக்கு மலிவு இல்லை.

ரயில் நிலையமும் வீடும்

தஞ்சோங் மாலிமிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை ஓடும் கொமுட்டர் என்ற புறநகர் ரயில்தான் இந்த வட்டாரத்தின் உயிர்நாடி. கோல குபு பாரு, ராசா, பத்தாங்காலி, செரண்டா, ரவாங், குவாங், சுங்கை பூலோ, கெப்போங், செகாம்புட் என்று வரிசையாகத் தெற்கே வந்து கேஎல் சென்ட்ரல் போய், அங்கிருந்து சுபாங் ஜெயா, ஷா ஆலாம், கிள்ளான் வரை ஒரே ரயிலில் போகலாம். சுங்கை பூலோவில் இறங்கினால் புத்ராஜெயா தடத்து எம்ஆர்டி கிடைக்கும். 2023 மார்ச் முதல் அது புத்ராஜெயா சென்ட்ரல் வரை ஓடுகிறது. வழியில் கோலாலம்பூர் மருத்துவமனை, அம்பாங் பார்க், துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச் நிலையங்கள் இருப்பதால், அந்தப் பக்கம் வேலை செய்கிறவர்கள் கேஎல் சென்ட்ரல் வரை போய்ச் சுற்ற வேண்டியதில்லை. எல்ஆர்டி வேண்டுமானால் பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கி பண்டாராயாவுக்கு நடந்துவிடலாம்.

பலர் ஏமாந்துபோகிற இடம் ஒன்று உண்டு. மாதம் 50 வெள்ளிக்கு விற்கிற மை50 அட்டை எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் கேஎல் பஸ் எல்லாவற்றுக்கும் செல்லும். கொமுட்டருக்குச் செல்லாது. கொமுட்டர் கட்டணம் தனி, தூரத்துக்கு ஏற்ப ஏறும். இரண்டையும் சேர்த்துத்தான் உங்கள் பயணச் செலவு.

ரவாங்குக்கு வடக்கே ரயில் அடுத்தடுத்து வந்துகொண்டிருக்காது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நீண்ட நேரம் உட்கார வேண்டியிருக்கும். தண்டவாளப் பராமரிப்பு நடக்கும் நாட்களில் தாமதமும் சேர்ந்துகொள்ளும். அதனால் நேர அட்டவணையைக் கைப்பேசியில் பார்த்து முடிவு செய்யாமல், வேலைநாள் ஒன்றில் நீங்கள் புறப்பட வேண்டிய அதே நேரத்தில் ரயிலேறி வேலை இடத்துக்குப் போய், அதே நேரத்தில் திரும்பிப் பாருங்கள். கடைசி ரயில் எப்போது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மனைவியோ மகளோ தனியாகப் போகிறவராக இருந்தால், கொமுட்டரில் பெண்களுக்கென்றே தனிப் பெட்டி 2010 முதல் இருக்கிறது என்பதையும் சொல்லிவையுங்கள்.

புக்கிட் பெருந்தோங்குக்குள்ளும் புக்கிட் செந்தோசாவுக்குள்ளும் ரயில் நிலையம் கிடையாது. வீடு அங்கே மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நிலையத்துக்குப் போக யார் வண்டியில், எத்தனை நிமிடத்தில், வண்டியை எங்கே நிறுத்திவிட்டு என்பதை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். தெற்கே செமினி, மேற்கே புஞ்சாக் ஆலாம், பந்திங் பக்கம் பார்க்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அந்த ஊர்களுக்குள் கொமுட்டர் ஓடவில்லை.

பிள்ளைகளின் பள்ளி

எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம். வீடு பார்க்கப் போகிற அன்றே அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்கும் போய்விடுங்கள். அலுவலகத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. உங்கள் பிள்ளை சேர வேண்டிய ஆண்டில் இடம் இருக்கிறதா? பள்ளி வளாகத்திலேயே பாலர் வகுப்பு உண்டா? பள்ளி வேன் உங்கள் தாமானுக்கு வருகிறதா, மாதம் எவ்வளவு?

நகரை ஒட்டிய தமிழ்ப்பள்ளிகளில் வகுப்பறை போதாது. தோட்டத்துக்குள் இருக்கிற பள்ளிகளில் மாணவர் போதாது. 150 மாணவர்களோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் கல்வி அமைச்சின் கணக்கில் அது குறைந்த மாணவர் பள்ளி. எண்ணிக்கை மிகவும் குறைந்துபோன பள்ளிகளில் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து ஒரே வகுப்பாக நடத்துவார்கள். அதற்காகச் சிறிய பள்ளியை ஒதுக்கிவிடாதீர்கள். ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அறிந்திருக்கும் பள்ளியில் படித்து முன்னுக்கு வந்தவர்கள் நம்மிடையே ஏராளம். புதிதாகக் குடிவருகிற ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு தோட்டப்பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பள்ளிக்கும் உயிர் வரும்.

ஆறாம் ஆண்டுக்குப் பிறகு என்ன என்பதையும் இப்போதே விசாரியுங்கள். 1996 கல்விச் சட்டப்படி தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும். அருகிலுள்ள இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு உண்மையில் நடக்கிறதா, வழக்கமான பாட வேளையிலா அல்லது பிற்பகலிலா, எஸ்பிஎம் தேர்வில் தமிழும் இலக்கியமும் எடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்களா என்று அங்கே படிக்கிற பிள்ளையின் அம்மாவிடம் கேளுங்கள். அலுவலகத்தில் கிடைக்கும் பதிலைவிட அது துல்லியமாக இருக்கும்.

பள்ளி மதியம் முடிந்துவிடும். பெற்றோர் வீடு திரும்ப இரவு ஏழு, எட்டு ஆகும். இடைப்பட்ட நேரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பது ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கான கேள்வியே. அத்தையோ சித்தியோ பத்து நிமிடத் தொலைவில் இருந்தால் அது மாதம் சில நூறு வெள்ளிக்குச் சமம். சொந்தம் இருக்கிற ஊருக்கு இந்த ஒன்றுக்காகவே கூடுதல் மதிப்பெண் போடுங்கள்.

வீட்டைப் பார்ப்பது எப்படி

ஞாயிற்றுக்கிழமை காலையில் தரகரோடு போனால் எந்தத் தாமானும் அமைதியாகத்தான் இருக்கும். வேலைநாள் மாலையில் ஒரு முறையும், இரவு பத்து மணிக்கு ஒரு முறையும், முடிந்தால் கனமழை பெய்து ஓய்ந்ததும் ஒரு முறையும் போங்கள். தெருவிளக்குகள் எரிகின்றனவா, எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, புல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, எந்த முனையில் யார் கூட்டமாக நிற்கிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஒரு வரிசையில் பாதி வீடுகள் காலியாக இருந்தால், வாடகை எவ்வளவு குறைவானாலும் குடும்பத்தோடு அங்கே போக வேண்டாம் என்பது என் கருத்து.

வெள்ளத்தைப் பற்றி வீட்டுக்காரர் சொல்லமாட்டார், சுவர் சொல்லும். வாசல் கேட்டின் அடிப்பகுதித் துரு எவ்வளவு உயரம் வரை ஏறியிருக்கிறது, பின்புறச் சுவரில் முழங்கால் அளவில் மண் நிறக் கோடு தெரிகிறதா, அண்டை வீடுகளில் வாசலுக்குக் குறுக்கே சிறு தடுப்புச்சுவர் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டில் கோடு மறைந்திருக்கும். பெயின்ட் அடிக்காத பக்கத்து வீட்டுச் சுவரில் அது மறையாது. தாமான் ஒன்றில் ஓர் இளம் தம்பதி வீடு பார்க்க வந்தபோது நானும் கூடப் போயிருந்தேன். வீடு பளபளவென்று இருந்தது. பின்பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா எங்களைப் பார்த்துவிட்டு வேலியருகே வந்தார். “தம்பி, அடுப்பை மேசைமேல் வைத்துச் சமைப்பீர்களா?” என்று கேட்டார். சாக்கடை நிரம்பினால் தண்ணீர் நேராகச் சமையலறைக்குள் வருமாம். அந்தத் தம்பதி இரண்டு தெரு தள்ளி, மேடான பக்கத்தில் வேறு வீடு எடுத்தார்கள்.

2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கியதை நாடே பார்த்தது. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் இன்ஃபோ பஞ்சிர் இணையத்தளத்தில் ஆற்று மட்டமும் மழையளவும் யாரும் பார்க்கலாம். உங்கள் தாமானுக்கு அருகிலுள்ள ஆறு எது என்று தெரிந்துகொண்டு தேடுங்கள்.

இந்த வட்டாரத்தில் ஈயச் சுரங்கம் இருந்த நிலமும் உண்டு. வீட்டின் தளத்துக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் இடையே விரிசலோ இறக்கமோ இருந்தால், பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறை சுவரிலிருந்து பிரிந்து நின்றால், விரலை நுழைத்துப் பாருங்கள். விரல் போகிற அளவு இடைவெளி இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலாங்கூரில் தண்ணீர் நின்றுபோகும் நாட்கள் வருவதுண்டு. தொட்டி இல்லாத வீட்டில் கைக்குழந்தையோடு அந்த நாட்களைத் தள்ளுவது பெரும் பாடு.

உடம்புக்கு முடியாமல் போனால் எங்கே போவது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வடக்கே கோல குபு பாருவிலும், தெற்கே செலாயாங்கிலும் சுங்கை பூலோவிலும் அரசாங்க மருத்துவமனைகள் இருக்கின்றன. வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிற பெரியவர் வீட்டில் இருந்தால், சிகிச்சை நிலையத்தின் பக்கத்திலேயே வீடு தேடுங்கள்.

முதலில் வாடகைக்கு

எந்த ஊராக இருந்தாலும் முதல் வருடம் வாடகைக்கு இருங்கள். இரண்டு மாத வாடகை முன்பணம், அரை மாதம் தண்ணீர் மின்சாரத்துக்கு, முதல் மாத வாடகை என்று மூன்றரை மாதப் பணம் கேட்பது வழக்கம். 750 வெள்ளி வீட்டுக்கு 2,625 வெள்ளி. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி கட்டிவிடுங்கள். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு பிறகு முன்பணத்துக்காக வாதாடுவது கடினம். தரகர் என்று வருகிறவரிடம் பதிவு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டைத் திறந்து காட்டாமல் முன்பணம் அனுப்பச் சொல்கிறவருக்கு ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

வாங்குவதென்றால்

280,000 வெள்ளித் தரை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வங்கி 90 விழுக்காடு கடன் கொடுத்தாலும் 28,000 உங்கள் கையிலிருந்து போக வேண்டும். வாங்கும் ஒப்பந்தத்துக்கு வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு, அதாவது 3,500. கடன் ஒப்பந்தத்துக்கு இன்னும் 3,150. அதன்மேல் சேவை வரியும் சில்லறைச் செலவுகளும். பெயர் மாற்று முத்திரை வரி 4,600 வெள்ளி வரும். முதல் வீடாக இருந்து விலை 500,000 வெள்ளிக்கு மேற்படாவிட்டால் மலேசியக் குடிமக்களுக்கு அதில் விலக்கு உண்டு. அந்தச் சலுகை நீங்கள் கையெழுத்திடும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் உறுதிப்படுத்துங்கள். ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் முதல் கணக்குகள் மூன்றாகிவிட்டன. வீட்டுக்காக எடுக்க முடிவது அவற்றில் செஜாத்ரா என்ற கணக்கிலிருந்து.

முன்பணம் கட்டுவதற்கு முன் நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பாருங்கள். மலாய் ஒதுக்கீட்டு நிலமாக இருந்தால் நாம் வாங்க முடியாது. பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீடா, 99 வருடக் குத்தகையா, குத்தகை இன்னும் எத்தனை வருடம் மிச்சம் என்பதையும் அது காட்டும். புதிய தாமானாக இருந்தால் வீடமைப்பு அமைச்சின் தெடுஹ் தளத்தில் மேம்பாட்டாளரின் உரிமமும் திட்டத்தின் நிலையும் தெரியும். 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் ஆள் குடியேறாமல் புதர் மண்டிக் கிடந்த வரிசைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சோதனையின் அருமை புரியும்.

சம்பளச் சீட்டு இல்லாத லோரி ஓட்டுநர்கள், கடை வைத்திருப்பவர்கள், புல் வெட்டுகிறவர்கள் வங்கியில் கடன் கிடைக்காது என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகவே அரசாங்கத்தின் வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டமான எஸ்ஜேகேபி இருக்கிறது. வருமானம் வங்கிக் கணக்கில் மாதாமாதம் பதிவாகியிருப்பது நல்லது. அதனால் கையில் வாங்குகிற பணத்தை இன்றிலிருந்தே கணக்கில் போடத் தொடங்குங்கள். மாநில அரசின் மலிவு விலைத் திட்டமான ரூமா சிலாங்கூர்கூ வீடுகளுக்கும் பெயரைப் பதிந்து வையுங்கள். கிடைத்தால் நீங்களே குடியிருக்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு விற்க முடியாது.

ஏல வீடுகள் இங்கே நிறைய வரும், விலையும் ஆசை காட்டும். ஏலத்தில் 10 விழுக்காடு கட்டியதும் மீதியை ஏலத்தின் வகைக்கேற்ப 90 அல்லது 120 நாட்களில் முடிக்க வேண்டும். வங்கிக் கடன் அதற்குள் வராவிட்டால் கட்டிய பணம் போய்விடும். உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடைப்பது அரிது. உள்ளே ஆள் குடியிருந்தால் அவர்களை வெளியேற்றுவதும் உங்கள் தலையில். பழைய நில வரி, பராமரிப்புக் கட்டணப் பாக்கிகளை யார் கட்டுவது என்பது ஏல அறிவிப்புப் பத்திரத்தில் எழுதியிருக்கும். அதைப் படித்து விளக்க ஒரு வழக்கறிஞருக்குச் செலவழிக்கத் தயங்குகிறவர் ஏலத்துக்கே போகக் கூடாது.

குடிவந்த முதல் மாதம்

சாவி வாங்குகிற அன்றே மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் படம் எடுத்து, தேதியோடு வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். சுவர் விரிசல், உடைந்த ஓடு, ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் அதேபோல் அனுப்புங்கள். அடையாள அட்டையில் முகவரி மாற்றத்தை 30 நாட்களுக்குள் தேசியப் பதிவிலாகாவில் செய்ய வேண்டும். அதைச் செய்ததனால் வாக்களிக்கும் தொகுதி தானாக மாறிவிடாது. தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் தளத்தில் தனியாக விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் ஓட்டுப் போட சுங்கை சிப்புட்டுக்கோ தெலுக் இந்தானுக்கோ போய்வர வேண்டியிருக்கும். பிள்ளைகளின் பள்ளி மாற்றத்துக்குப் பழைய பள்ளியில் தொடங்கி, பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் அடையாள அட்டை, புது முகவரியைக் காட்டும் ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் நிர்வாகத்திடமும் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் உங்கள் பெயரையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்துவிடுங்கள். வேன் வராத நாளிலும், தண்ணீர் நின்ற நாளிலும் முதல் செய்தி அங்கிருந்துதான் வரும்.